அகலமாகிப்போன முகம்

லெப்டொப்பில் பெரிய திரை ஒன்றை மாட்டுவது பத்து நிமிட வேலை. அதை நான் ஒருமுறை பிழையாகச் செய்தேன்.

போன மாதம் பழைய கடைக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் புது லெப்டொப் ஒன்றைக் காட்டினார்கள். ஒரே வயர். திரைக்குப் படமும் அதில்தான் போகிறது, லெப்டொப்புக்குக் கரண்டும் அதில்தான் வருகிறது. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஏற்கிறது. “உங்க காலத்துல இதை எப்படிண்ணே செஞ்சீங்க?” என்று கேட்டார்கள். சொன்னேன். எழுதித் தாங்க என்றார்கள். எழுதுகிறேன்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. டவுனுக்கு இறங்கி வந்து ஜவாத் நானாவின் கடையில் சேர்ந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் மடவளைக்காரர். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் அவருடைய ரேடியோ திருத்தும் கடை இருந்தது. முதல் இரண்டு வருடம் ஈயம் உருக்கி ஒட்டப் பழகினேன். பிறகு டிவி வந்தது. பெரிய கலவரத்தில் சந்தின் வாயிலில் இருந்த தமிழர் கடைகள் எரிந்தன. எங்கள் கடையில் கண்ணாடி மட்டும் போனது. நான் நாலு நாள் நானாவின் வீட்டு மேல்மாடியில் இருந்தேன். ஐந்தாம் நாள் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு வேலையைத் தொடங்கினோம். கொம்பியூட்டர் வந்தபோது எனக்கு நாற்பது வயதாகிவிட்டது. அதையும் பழகிக்கொண்டேன்.

நானா சத்தம் போடமாட்டார். நாம் வேலை செய்யும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பிழை கண்டால் எது பிழை என்று சொல்லமாட்டார். வயரைக் கழற்றி நம் கையில் தருவார். “திரும்ப மாட்டு” என்பார். இரண்டாம் தடவையும் பிழை என்றால் மறுபடியும் கழற்றுவார். ஒருநாள் காலையில் ஒரே திரையை ஏழு தடவை மாட்டியிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் அவர் செய்கிற ஒரு சோதனை உண்டு. திரையில் ஒரு வட்டம் வரையச் சொல்வார். தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் இருக்கும் பீரிசை எடுத்து அந்த வட்டத்தின் மேல் பிடிப்பார். வட்டம் பீரிசுக்குச் சரியாக அடங்கினால் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். எங்கே போனாலும் வீட்டுக்காரர்களிடம் பீரிசோடு தேத்தண்ணி கேட்பார். பலர் அதை நாக்கு ருசி என்று நினைத்தார்கள்.

அந்தச் சோதனைக்குக் காரணம் இருந்தது. அப்போது அகலத் திரைகள் வரத் தொடங்கியிருந்தன. பழைய திரை கிட்டத்தட்டச் சதுரம். லெப்டொப் பழைய அளவில் படம் அனுப்பினால் அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும். இல்லையென்றால் திரை அந்தப் படத்தை இழுத்து நிரப்பும். நிரப்பினால் ஐந்து விரல் அகலம் ஆறு விரலாகும். உயரம் அப்படியே இருக்கும். திரைக்கு உரிய முழு அளவைக் கொடுத்தால்தான் கறுப்பும் இருக்காது, இழுவையும் இருக்காது. ஆனால் முழு அளவில் எழுத்துச் சின்னதாகும்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டும் பிடிக்காது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு முதலாளி கேட்டார்:

“என்ன முத்து, ரெண்டு பக்கமும் கறுப்பு? பாதி ஸ்கிரீனைக் கடையிலேயே வெச்சிட்டு வந்தியா?”

முழு அளவு வைத்தேன்.

“இது என்ன, எறும்பு வாசிக்கவா?”

திரையில் இருந்த பட்டன் ஒன்றை அமுக்கி இழுத்து நிரப்பிக் கொடுத்தேன். அவருடைய மகளின் கல்யாணப் படத்தைப் போட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை குண்டாக இருந்தார். “பரவால்ல, நல்லா சாப்பிட்டு இருக்கார்” என்றார். அதற்குப் பிறகு நானா கூட வராத இடங்களில் யாராவது முகம் சுளித்தால் நான் அந்தப் பட்டனை அமுக்கிவிடுவேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. அது பழக்கமாகிவிட்டது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அது நாங்களாக விரும்பி எடுத்தது இல்லை.

யுத்தம் நடந்த காலம், பஸ்களில் குண்டு வெடித்த காலம். ஒருநாள் கம்பளைக்குப் போகும் பஸ்ஸை ஆமிக்காரர்கள் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் மூன்று வயர், ஒரு சின்னக் கரண்ட் பெட்டி, குறடு, ஈயம் இருந்தன. அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பெயரைப் பார்த்தார்கள். பிறகு வயரைப் பார்த்தார்கள். ஆறு மணித்தியாலம் பொலிசில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நானா கடையின் பில் புத்தகத்தையும் திரை ஒன்றின் வெறும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். சிங்களத்தில் அவர் நன்றாகப் பேசுவார். அன்று பேசவில்லை. ஒவ்வொரு வயரையும் எடுத்து, பெட்டியில் அச்சடித்திருந்த படத்தில் அது எங்கே போகிறது என்று விரலால் காட்டினார். விட்டார்கள்.

வெளியே வந்து சொன்னார்:

“இனி ஸ்கிரீன் ஒன்ட கையில. வயர் என்ட கையில. வெளங்கினா?”

அதிலிருந்து நான் திரையைப் பெட்டி இல்லாமல், முகப்பு வெளியே தெரிய, மடியில் வைத்துக் கொண்டு போவேன். யார் பார்த்தாலும் அது என்ன என்று தெரியும். வயரை நானா தனியே கொண்டு வருவார். அவர் வரமுடியாத நாளில் அந்த இடத்தில் இருக்கிற வயரைப் பாவிப்பேன். கண்டியில் வேறு தமிழ் வேலைக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். வயர் இல்லாமல் வேலைக்குப் போகிற வயர்க்காரர்கள் நாங்கள்.

யுத்தம் முடிந்த வருடம் பேராதனை வீதியில் ஒரு மாடி வீட்டில் நிவாரண அலுவலகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். மிஸ் என்று கூப்பிடுவோம். வடக்கில் முகாமிலும் ஆஸ்பத்திரியிலும் தேடி வர ஆளில்லாமல் இருந்த வயதானவர்கள், காயப்பட்டவர்களின் படங்கள் ஒரு சீடியில் அவரிடம் வந்திருந்தன. அந்த ஆட்களில் பலர் மலைநாட்டிலிருந்து முந்தைய கலவரங்களுக்குப் பயந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள். உறவினர் யாராவது படத்தைப் பார்த்து இவர் எங்கள் ஆள் என்று கையொப்பம் வைத்தால், அந்தக் கடிதத்தைக் காட்டி ஆளை வெளியே எடுக்க வழி இருந்தது. சீடியைக் கொண்டு வந்தவர் புதன்கிழமை காலை திரும்பிப் போகிறார். கடிதங்களும் சீடியும் அவரோடு போகவேண்டும்; சீடியைப் பிரதி எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

படம் ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக இருந்தார்கள். லெப்டொப்பின் சின்னத் திரையில் முகம் தெரியவில்லை. அதற்காகப் பெரிய திரை வாங்கினார்கள். இருபத்துநாலு அங்குலம். அகலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி, உயரம் ஆயிரத்து இருநூறு. அதுவரை நாங்கள் விற்றதில் பெரியது அதுதான்.

நான் வெள்ளிக்கிழமை போனேன். நானா ஜும்மாவுக்குப் போய், அப்படியே அக்குறணையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற நாள். சனிக்கிழமை காலை ஆட்கள் வருகிறார்கள் என்று மிஸ் அவசரப்படுத்தினார். அலுவலக அலுமாரியில் நீளமான வயர் ஒன்று கிடந்தது. திரையை வேறு மேசையில் வைத்து, முன்னால் கதிரைகள் போட வேண்டும் என்றார் மிஸ். நீள வயர் அதற்கு வசதி.

லெப்டொப், திரை இரண்டையும் அணைத்தேன். வயரின் தலையை நேராகச் செருகி, இரண்டு பக்கத்து ஸ்குரூவையும் விரலால் இறுக்கினேன். முதலில் திரையைப் போட்டேன், பிறகு லெப்டொப்பை. கீபோர்டில் இரண்டு சாவியைச் சேர்த்து அமுக்கினேன். இரண்டு வினாடி இருட்டு. படம் வந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு.

அளவுப் பட்டியலைத் திறந்தேன். ஆயிரத்து இருபத்துநாலுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த மாதிரி வயரில் பதினைந்து ஊசிக்கு இடம் உண்டு. அதில் இரண்டு ஊசி படத்துக்கு இல்லை. திரை தன்னுடைய அளவை லெப்டொப்புக்குச் சொல்வது அவற்றின் வழியாகத்தான். மலிவு வயரில் அவற்றை விட்டுவிடுவார்கள். படம் வரும், ஆனால் எதிரே இருப்பது என்ன திரை என்று லெப்டொப்புக்குத் தெரியாது. எல்லாத் திரைக்கும் ஒத்துவருகிற பழைய அளவைக் கொடுத்துவிட்டு இருக்கும். இது எனக்குத் தெரிந்த விஷயம். வயரைக் கழற்றி ஊசியை எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை.

“ஏன் ரெண்டு பக்கமும் கறுப்பா கிடக்கு? பழுதோ?” என்றார் மிஸ்.

பட்டனை அமுக்கினேன். படம் நிரம்பியது.

“ஓம், இப்ப வடிவா இருக்கு. எழுத்தும் பெரிசாத் தெரியுது.”

தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை நானா கேட்டார்.

“எந்த வயர் போட்டே?”

“அங்க இருந்த வயர்.”

“எத்தன ஊசி?”

“பாக்கல நானா.”

 கடை அலுமாரியைத் திறந்து நல்ல வயர் ஒன்றைத் தன் பையில் போட்டார். ஓட்டோவைக் கூப்பிட்டார். 

அலுவலகத்தில் மிஸ் படத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு கொட்டகை. வரிசையாக ஆண்கள் இருந்தார்கள். முன்னால் ஒரு வாளி சரிந்து கிடந்தது, அதன் வாய் நேரே எங்களைப் பார்த்தபடி இருந்தது. நானா தேத்தண்ணி கேட்கவில்லை. மேசையில் கிடந்த வெறும் பீரிசை எடுத்து அந்த வாளி வாயின் மேல் பிடித்தார். மேலும் கீழும் அடங்கியது, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

என்னிடம் வயரைத் தந்தார். மாட்டினேன். பட்டியலில் பெரிய அளவு வந்தது. அதைக் கொடுத்தேன். படம் ஒருதரம் மறைந்து திரும்பி வந்தது. கொட்டகை ஒடுங்கியது. ஆட்கள் எல்லோரும் மெலிந்தார்கள். கன்னத்து எலும்பு தெரிந்தது.

மிஸ் கதிரையில் உட்கார்ந்தார்.

“சனி ஞாயிறு ரெண்டு நாளும் வந்த சனம்?” என்றார்.

நானா சொன்னார்: “எங்கட கடைப் பிழை மிஸ். அவங்களத் திரும்பக் கூப்பிடணும்.”

வந்தவர்கள் சொன்னதை மிஸ் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதைப் புரட்டினார். எல்லாப் பெயருக்கும் எதிரே “இல்லை” என்று இருந்தது. ஒரு பெயருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பார்வதி. ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் தேடி வந்தவர். ஒரு படத்துக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருந்தாராம். அவர் சொன்னதை மிஸ் அப்படியே எழுதியிருந்தார்: “கண்ணு அவன் கண்ணு மாதிரி. மூஞ்சி அவன் மூஞ்சி இல்ல.”

மற்றவர்களுக்குப் பக்கத்துக் கடை, பள்ளிக்கூடம் என்று ஏதோ ஒரு டெலிபோன் இலக்கம் இருந்தது. மிஸ் எடுத்துப் பேசத் தொடங்கினார். பார்வதிக்கு இலக்கம் இல்லை.

படி இறங்கும்போது நானாவிடம் சொன்னேன்.

“வயர் மட்டும் இல்ல நானா. பட்டனை அமுக்கினது நான்தான். கறுப்பா விட்டிருந்தா மூஞ்சி சரியா இருந்திருக்கும்.”

“தெரியும்” என்றார். இன்னும் இரண்டு படி இறங்கிவிட்டு, “நாளைக்கு விடியப் போ. அந்தப் பொம்பளையக் கையோட கூட்டிட்டு வா. நீ செஞ்சதை நீயே ஒன்ட வாயால சொல்லு” என்றார்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். புசல்லாவையில் இறங்கி மூன்று மைல் ஏறவேண்டும். பார்வதி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். கங்காணி கை காட்டினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு?”

“கண்டியிலேருந்து வர்றேன்க்கா. ஞாயித்துக்கிழமை ஒப்பிஸ்ல படம் பாத்தீங்களே, அந்த ஸ்கிரீனை மாட்டினது நான்தான்.”

“அதுக்கு என்னா இப்ப?”

“பிழையா மாட்டிட்டேன். மூஞ்சி எல்லாம் அகலமாத் தெரிஞ்சிருக்கு. இப்ப சரி பண்ணியாச்சு. நீங்க இன்னொருக்கா வந்து பாக்கணும்.”

பக்கத்து நிரையில் இருந்த பெண் சிரித்தாள். “மூஞ்சிய அகலமாக்குற மிசினா? அடியே பார்வதி, ஒம் மகளுக்கு மாப்புள்ள வீட்டுக்காரங்க வர்றப்ப ஒண்ணு வாங்கி வை. ஒட்டிப்போன கன்னமெல்லாம் நெறஞ்சிரும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். பார்வதி சிரிக்கவில்லை. இரண்டு பிடி கொழுந்து கிள்ளிப் போட்டார்.

“தம்பி, நான் பாத்துட்டேன். இல்லன்னு சொல்லிட்டேன். வந்து அவன் படத்துக்கு மாலை போட்டு வெளக்கு வெச்சாச்சு. ஊருக்கும் சொல்லியாச்சு. இப்ப நீ வந்து மாலையை எடுங்கிற. எடுத்துட்டு, அங்க வந்து பாத்து அவன் இல்லன்னா? மறுபடியும் கொண்டாந்து போடவா?”

 அவன்தான் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த ஆளை எனக்குத் தெரியாது.

“மாலையை எடுக்க வேணாம்க்கா. அது அப்படியே இருக்கட்டும். நீங்க வந்து பாருங்க. நாளைக்கு அந்த சீடி திரும்பிப் போயிடும்.”

“பொறவு பாக்க ஏலாதா?”

“ஏலாது.”

“உனக்கு என்னா இதுல? ஒப்பிஸ்ல அனுப்புனாங்களா?”

“இல்லக்கா. பிழை என்னோடது.”

அந்த நிரை முடியும் வரை அவர் கொழுந்து எடுத்தார். நான் பாதையில் நின்றேன். நிரை முடிந்ததும் கூடையை இறக்கி, சிரித்தவளிடம் கொடுத்தார்.

“எத்தனை மணிக்கு பஸ்?” என்றார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் இருந்தார்.  கம்பளை தாண்டியதும் தானாகச் சொன்னார். தம்பிக்கு நீள முகம். சின்னதில் குதிரை என்று கூப்பிடுவார்களாம். கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போனவன், யுத்தம் இடையில் நின்ற சமாதானக் காலத்தில் ஒருதரம் வந்து இரண்டு கிழமை இருந்தான். போகும்போது ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். மாலை போட்டது அந்தப் படத்துக்குத்தான்.

அலுவலகத்துக்கு நாங்கள் போனபோது பின்னேரம் மூன்று மணி. மிஸ் டெலிபோனில் பிடித்தவர்கள் வந்து கதிரைகளில் இருந்தார்கள். நானாவும் ஒரு மூலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மிஸ் பார்வதியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“வாங்கோ அம்மா. முதல் நீங்கள் பாருங்கோ.”

அந்தக் கொட்டகைப் படத்தைப் போட்டார். பார்வதி உட்காரவில்லை. திரைக்குக் கிட்டப் போனார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது வரிசையில் இடமிருந்து நாலாவது ஆளின் முன் விரலை வைத்தார். திரையில் விரல் படக்கூடாது என்று வழக்கமாகச் சொல்வேன். சொல்லவில்லை.

“இவன்தான்.”

மிஸ் மெதுவாகக் கேட்டார்: “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இல்லையெண்டு சொன்னனீங்கள்.”

“சொன்னேங்க. அன்னைக்குப் பாத்தவன் மூணு வேளையும் சாப்புட்ட மூஞ்சியா இருந்தான். அதனாலதான் இவன் நம்ம தம்பி இல்ல, வேற யாரோ நல்லா இருக்கிறவன்னு நெனச்சேன்.”

விரலை எடுக்காமலே நின்றார்.

“அங்க சோறு போடுறாங்களா மிஸ்?”

“போடுகினம் அம்மா. கடிதம் நாளைக்குப் போகுது. கெதியா எடுப்பம்.”

பார்வதி உட்கார்ந்து கடிதத்தில் பெயர் எழுதினார். எழுத்துக் கூட்டி எழுத நேரம் எடுத்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அவருடைய தம்பி சில மாதம் கழித்து வந்துவிட்டார் என்று மிஸ் சொல்லிக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்று நடந்ததில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் எழுதவேண்டும்.

பார்வதி எழுந்த பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பார்வதிக்குக் கிடைத்ததைக் கண்ணால் கண்டவர்கள். கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டவாக உட்கார்ந்தார்கள். நான் லெப்டொப் பக்கத்தில் நின்று படத்தை மாற்றிக் கொடுத்தேன். திரை சரியாக இருந்தது. அளவு சரியாக இருந்தது. ஒவ்வொரு முகமும் அவரவர் முகமாகவே இருந்தது. ஒரு பெரியவர் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார். போட்டேன். கடைசிப் படம் முடிந்ததும் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

“இல்ல தம்பி” என்றார்.

ஆறு மணிக்குள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். சனி, ஞாயிறிலேயே அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். என்னால் அவர்கள் அதை இரண்டாம் தடவையும் சொல்லவேண்டி வந்தது.